நிரஞ்சனியின் இரத்தம் பொய் சொன்ன வாரம்

1.

இந்தக் கதை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி லிப்டில் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். லிப்ட் சின்னது, என் காது பெரியது. நான்காம் மாடி நிரஞ்சனி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இரத்தத்துல அளவு கம்மியாம். என்னைச் சேர்க்கல."

முதல் வரியாக இதை எழுதினேன்: 'நிரஞ்சனி அழகிதான், ஆனால் அவள் தோல்...' அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை அப்படியா அறிமுகப்படுத்துவது? எக்ஸிமா என்கிற தீராத தோல் அரிப்பு. கழுத்து, முழங்கை மடிப்பு, கண்ணிமை. தூக்கத்தில் சொறிந்து படுக்கை விரிப்பெல்லாம் இரத்தப் புள்ளி. (விரிப்பு பால்கனியில் காயும். நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?)

2.

கொஞ்சம் அறிவியல். படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் சேதி சொல்லச் சின்னப் புரதங்களை அனுப்புமாம். இன்டர்லூக்கின் என்று பெயர். வீட்டுக் கதவு மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நாலும் பதிமூன்றும் தோலின் வேலியைப் பிரித்துப்போடும். முப்பத்தொன்று நேரே நரம்பிடம் போய் "அரிக்குது பார்" என்று மூட்டிவிடும். ஒரு தூசிக்கு ஊரையே கூட்டிவிடும் கூட்டம். ("உன்னை மாதிரியே இருக்கு," என்றார் என் கணவர் யோகநாதன். அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.)

இந்தச் சேதிக்காரர்களின் வாயை அடைக்கும் ஒரு புது ஊசியைச் சோதிக்க ஒரு மருத்துவமனையில் ஆள் எடுத்தார்கள். நிரஞ்சனியும் பேர் கொடுத்தாள். நோய் கடுமையாக இருந்தால்தான் இடம். இரண்டு வாரம் எந்த மருந்துக் கிரீமும் தொடக்கூடாது. பிறகு தோலையும், இரத்தத்தில் இந்தப் புரதங்களின் அளவையும் பார்ப்பார்கள்.

3.

இங்கே ஒரு பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள். நல்லவளா, கெட்டவளா என்று எனக்கே சந்தேகம். மாதவி என்று பெயர் வைத்தேன். இரண்டாம் வாரம் தொடங்கியதும், கிள்ளான் கடையில் வாங்கிய, லேபிள் இல்லாத டப்பாவை நீட்டினாள்.

"மருந்து கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆன்டி."

"இது மருந்தா? வெறும் வேப்பிலை, மஞ்சள். பூசிப் பாரு லா."

ஆறே நாள். தோல் வழவழவென்று ஆனது. ஏழாம் நாள் பரிசோதனை. "உங்களுக்கு லேசானதுதான், எடுக்க முடியாது," என்று அனுப்பிவிட்டார்கள். டப்பா தீர்ந்தது. அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

மாதவிக்கு உறுத்தியது. காலி டப்பாவைக் கீழ்த்தளப் பார்மசி ஜாபர் அலியிடம் காட்டினாள். அவர் மோந்து பார்த்தார். "ஆன்டி, வேப்பிலை ஆறு நாள்ல இப்படிச் செய்யாது. ஸ்டீராய்டு கலந்திருப்பான். அதான் இரத்தத்துல எல்லாம் கப்சிப்."

4.

நேற்று நிரஞ்சனி மாதவியின் வாசலில் வந்து நின்றாள்.

"லேசாத்தான் இருக்காம், ஆன்டி. இத்தனை வருஷம் நான்தான் பெரிசு பண்ணிட்டேனா?"

[மாதவி அவள் கையைப் பிடித்து உண்மையை—]

[ஜாபர் அலியே மேலே வந்து—]

இல்லை. "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றாள் மாதவி. அவ்வளவுதான்.

5.

மருத்துவமனைக்குப் போன் போட்டு, பேர் சொல்லாமல் விசாரித்தேன். டப்பாவைப் பற்றிச் சொல்லி வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பேர் கொடுத்தால், இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்களாம்.

மாதவி என்று எங்கள் மாடியில் யாரும் கிடையாது. ஊர்ச் சேதியெல்லாம் சொல்லும் இந்த வாயில் இந்த ஒரு சேதி மட்டும் வரவில்லை. அதனால்தான் எழுதினேன். இன்று புதன். இந்தக் காகிதங்களை பக்கத்து வீட்டுக் கதவுக்கடியில் தள்ளப்போகிறேன்.

ஆகவே இதன் வாசகி நீதான், நிரஞ்சனி. நீ எதையும் பெரிசு பண்ணவில்லை. காலி டப்பா உன் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. முடிவை நான் எழுதவில்லை, அது உன்னுடையது. என்னைத் திட்டுவதானால் சத்தமாகவே திட்டு. எப்படியும் நான் என் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன்.