பத்தாவது ஆளின் ரத்தம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அது கணினித் திரையில் இருந்த ஒரு கோட்டின் மேல் வந்தது.

அந்தக் கோடு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் ஒரு தொழிற்சாலையைப் பற்றியது. ஆட்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பிரிவு பிரிவாகக் கணக்கிடுவது எங்கள் வேலை. பெயர் வராது, பிரிவும் அளவும் மட்டும் வரும். ஒரு பிரிவின் ஆட்களை அளவுப்படி வரிசையாக நிறுத்தினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எந்த அளவுக்குள் அடங்குகிறார்கள் என்று பார்ப்போம். அதுதான் தொண்ணூறாவது சதமானம். அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, வந்த அளவுகளைச் சீட்டுகள் போலக் குலுக்கி, எடுத்ததை மறுபடி உள்ளே போட்டு, ஆயிரம் தடவை புதுப்புது வரிசைகள் செய்வோம். பூட்ஸ்ட்ராப் என்று பெயர். கடைசியில் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் கிடைக்கும்; அந்த இடைவெளிதான் திரையில் கோடாக விழும். மேல் எல்லை அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டால் அந்தப் பிரிவை மூட வேண்டும். புகையை உறிஞ்சும் விசிறிகளைச் சரிசெய்த பிறகுதான் திறக்கலாம்.

உருக்கும் பிரிவின் கோடு நகத்தளவுக்குக் குட்டையாக இருந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். இடைவெளி குறுகலாக இருந்தால் கணக்கு கெட்டி என்பது அவர் கட்சி. எனக்கோ எரிச்சலாக வந்தது. ஒன்பதே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இத்தனை உறுதியா? உற்றுப் பார்த்தேன். மேல் எல்லை அந்த ஒன்பதில் மிகப் பெரிய அளவேதான், புள்ளி பிசகவில்லை. தலைகீழாக நின்று குலுக்கினாலும் உள்ளே போடாத சீட்டு வெளியே வராதே!

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் அண்ணன் வேலை செய்வது அந்தப் பிரிவில். அவர்கள் பத்துப் பேர்.

அண்ணிக்குப் போன் போட்டேன். ரத்தம் எடுத்த அன்று அண்ணன் விடுப்பில் இருந்ததாகவும், மேஸ்திரியே போடச் சொன்னதாகவும் சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவனுடைய கை ஒரு மாதமாகத் துவண்டு விழுவது மட்டும் அவளுக்குத் தெரியும். படுத்த வாக்கு சரியில்லை என்று அவன் மழுப்பிக்கொண்டிருந்தான்.

மேலாளரிடம் போனேன். அந்தப் பிரிவுக்கு இப்போது முடிவு சொல்ல முடியாது, வராமல் போனவன் என் அண்ணன் என்று உடைத்துச் சொன்னேன். அவர் அந்தப் பிரிவின் கோப்பை என் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார். சொந்தக்காரர் இருக்கும் பிரிவை நான் தொடக்கூடாதாம். விதி அதுதான். அண்ணன் தானாக வந்து ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஆளைக் கட்டி இழுத்துவர எங்களுக்கு அதிகாரம் இல்லை.

நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு நிமிரவே இல்லை. ஈயம் நரம்பைத் தின்றால் அப்படித்தான் ஆகும். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அவன் பிடி கொடுக்கவில்லை. பிரிவை மூடினால் ஒன்பது வீட்டு அடுப்பு அணையும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றான்.

“உன் கை போயிடும்.”

“தொண்ணூறு பேர் நல்லா இருந்தாப் போதும்னு நீங்கதானே கணக்கு வச்சிருக்கீங்க? மிச்சம் பத்துல நான் இருந்துட்டுப் போறேன்.”

அண்ணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர், நாங்கள் ‘அவசரம்’ என்று கூப்பிடுகிறவர், அதே கணக்கை மறுபடி ஓட்டினார். அதே குட்டைக் கோடு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்பது எண்கள்தான்.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் உருக்கும் பிரிவுக்கு ஆபத்தில்லை என்று ஒட்டினார்கள். அண்ணனை மற்றவர்கள் தோளில் தட்டிக் கொண்டாடினார்களாம். அன்று சாயங்காலம் அண்ணி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று கேட்டாள். இதையெல்லாம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. காகிதத்தைக் கிழித்து ஒன்பது சீட்டு செய்து, குலுக்கி, எடுத்து, மறுபடி போட்டுக் காட்டினேன். இப்படி ஆயிரம் தடவை என்றேன்.

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

“ஆயிரம் தடவையில ஒரு தடவகூடவா அவரு வரல?”

“வரல அண்ணி.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.