பையில் தொங்கிய மூன்று பாக்கெட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: பத்மநாபன் ஆகிய நான், என் மனைவி பாமா, மகன் அனிருத், அவன் மனைவி ஸ்நேஹா, மகள் வைஷு, அவளைத் தங்கள் பிள்ளை அபினவுக்குப் பேசி முடிக்க மகர்பட்டாவிலிருந்து வந்திருந்த மகாதேவன், அவர் மனைவி ரமா, பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி மாமி, வாசற்படிக்கு வெளியே பால்காரர் இஸ்மாயில். ஒன்பது பேர். அபினவ் வரவில்லை. தாங்களும் அங்கே இருந்ததாக வேறு யாராவது சொன்னால், அவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். சிஞ்ச்வட்டில் எங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை, அடுத்தவர் கதவுக்கு வெளியே நிற்பது ஒரு முழுநேர உத்தியோகம்.

நடந்தது இது.

அனிருத்தின் கம்பெனி ஒரு புதன்கிழமை பன்னிரண்டு நிமிஷ வீடியோ கூட்டம் நடத்தி அவனையும் இன்னும் பலரையும் வீட்டுக்கு அனுப்பியது. இதில் வெட்கப்பட வேண்டியது கம்பெனி. என் பிள்ளை அல்ல. அன்று மாலையே நான் அப்படிச் சொன்னேன். ஆனால் அவன் கவலை வேறாக இருந்தது.

"அப்பா, வைஷு நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் வெளில தெரிய வேண்டாம். மகாதேவன் அங்கிளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். சம்பந்தம் போயிடும்."

அவன் சொன்னது பொய்யில்லை. மகாதேவன் வங்கியில் மோசடிகளைப் பிடிக்கும் கண்காணிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று என்னை ஒரு முறை கேட்டார். பெண்ணின் அண்ணன் எந்தக் கம்பெனி என்று மூன்று முறை கேட்டார். வைஷு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறாள். அது அவருக்கு மனதில் நிற்கவில்லை. அனிருத்தின் கம்பெனிப் பெயர் மட்டும் வாயில் கற்கண்டு மாதிரி கரைந்தது.

ஆக, வீட்டில் செலவைக் குறைத்தாக வேண்டும். குறைத்தது தெரியக் கூடாது. சிக்கனம் எனக்குப் புதிதல்ல. ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். ஆனால் நான் செய்த சிக்கனம் நேரானது. இல்லை என்றால் இல்லை. ஸ்நேஹா கைப்பேசியில் பட்டியல் போட்டு வாசித்த சிக்கனத்துக்கு இரண்டு முகம் இருந்தது. கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

உள்ளே: நெய் போயிற்று. முந்திரி போயிற்று. கீஸர் காலையில் பத்து நிமிஷம். டிகாக்ஷனில் சிக்கரி பாதியைத் தாண்டியது. அதற்குப் பிறகும் அதைக் காபி என்று நாங்கள் அழைத்தது பழைய மரியாதைக்காக. வெளியே: காரைக் கழுவுகிறவர் தினமும் வந்தார். வீட்டு வேலைக்கு வரும் மௌஷி வழக்கம்போல் இரண்டு வேளையும் வந்தாள், அவளை நிறுத்தினால் பி விங் முழுக்க அரை மணியில் தெரிந்துவிடும் என்பதால். அனிருத் காலை எட்டு மணிக்குக் கழுத்தில் பழைய அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை சகிதம் கிளம்பி, மாலில் ஏதோ ஒரு காபிக் கடையில் ஆறு மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்தான். சும்மா உட்கார விடுவார்களா? இரண்டு காபி வாங்க வேண்டும். வேலைக்குப் போனபோது அவனுக்கு அந்தச் செலவு இல்லை.

"ஏண்டா, வேலை இருந்தப்ப ஆஃபீஸ்ல ஓசிக் காபி குடிச்சே. இப்ப முந்நூறு ரூபாய் குடுத்துக் குடிக்கற. இதுக்குப் பேர் சிக்கனமா?" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

பிறகு பால் வந்தது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு கதவுப் பிடியிலும் இரவே ஒரு துணிப்பை தொங்கும். விடியற்காலை ஐந்துக்கு இஸ்மாயில் வந்து அதில் பாக்கெட்டுகளைப் போட்டுவிட்டுப் போவார். ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் படியில் இறங்கும்போது பைகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் சண்டை, எந்த வீடு ஊருக்குப் போயிருக்கிறது எல்லாம் பையின் கனத்தில் தெரியும். எங்கள் பை பதினெட்டு வருஷமாக மூன்று பாக்கெட் பை. ஸ்நேஹா இஸ்மாயிலிடம் ஒன்று போதும் என்று சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மீதி இரண்டைத்தான் என் மகனும் மருமகளும் வீட்டிலேயே தயாரித்தார்கள்.

காலி பாக்கெட்டைத் தலைப்பக்கம் நேராக வெட்டிக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு காகிதத்தை வைத்து, ஸ்நேஹா தலைமயிரை நேராக்க வைத்திருக்கும் சூட்டுக் கருவியால் அழுத்தி ஒட்டினார்கள். முதல் இரண்டும் புளித்து உப்பிப் பந்தாகிவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை புதிதாகச் செய்தார்கள். ஒட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது. நாலு வருஷம் நாங்கள் கட்டிய இன்ஜினியரிங் படிப்புப் பணத்துக்கு ஒரு பலன் கிடைத்தது என்று பாமாவிடம் சொன்னேன். இந்த இரண்டையும் அனிருத் இஸ்மாயில் போன பிறகு பையில் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு நிஜப் பாக்கெட்டோடு உள்ளே எடுத்து வருவான்.

தடுக்க வேண்டியவன் நான். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தரச் சோதனையில் இருந்தேன். மயிரளவு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பியவன். என் வீட்டு வாசலில் இரண்டு போலிப் பாக்கெட் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்தேன். "பொண்ணுக்கு முப்பதாகப் போறது, நீங்க பேசாம இருங்கோ" என்று பாமா சொன்னாள். பேசாமல் இருந்தேன்.

அந்த ஞாயிறு நிச்சயதார்த்தத் தேதி குறிக்க மகாதேவன் தம்பதி பத்து மணிக்கு வந்தார்கள். வந்து உட்கார்ந்து கால் மணிகூட ஆகவில்லை. ஆனந்தவல்லி மாமி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் மூலை வெட்டிய பால் பாக்கெட்.

"மாமா, மன்னிச்சுக்கோங்கோ, நல்ல காரியத்துக்கு நடுவுல வரேன். ஆனா இந்த அக்கிரமத்தை நீங்கதான் கேக்கணும்! கார்த்தால திடீர்னு நாத்தனார் குடும்பம் வந்து எறங்கித்து. வழக்கம்போல உங்க பையிலேர்ந்து ஒண்ணு எடுத்துண்டேன். அடுப்புல வச்சா பொங்கவே மாட்டேங்கறது! இருபது நிமிஷம் நின்னேன். ஆடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயில விட்டுப் பார்த்தா அரிசி களைஞ்ச ஜலம்!"

இதை விளக்க வேண்டும். எங்கள் மாடியில் நாலு வீட்டுக்குள் இது பழக்கம். அவசரத்துக்கு யார் பையிலிருந்தும் ஒரு பாக்கெட் எடுக்கலாம், மறுநாள் திருப்பிப் போட்டால் போதும், கேட்க வேண்டியதில்லை. மாலில் உட்காரத் தெரிந்த என் மகன் இதை மறந்துவிட்டான். அன்று காலை பையில் ஒன்று குறைந்ததையும் அவன் கவனிக்கவில்லை.

ஸ்நேஹாவின் முகம் வெளுத்தது. அனிருத் தரையைப் பார்த்தான். மகாதேவனுக்கோ உயிர் வந்தது. ஓய்வு பெற்று நாலு வருஷமாக அவருக்கு ஒரு குற்றம்கூடக் கிடைக்கவில்லை.

"குடுங்கோ பார்க்கலாம்" என்று வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "ம். தேதி பாருங்கோ. வியாழக்கிழமை. இன்னிக்கு ஞாயிறு. இந்த ஓரத்தைப் பாருங்கோ, மிஷின் ஒட்டு இல்ல. கையால ஒட்டினது. காலி பாக்கெட்டைச் சேர்த்து வச்சுண்டு, தண்ணி ரொப்பி, சூடு காட்டி ஒட்டித் திரும்ப சப்ளை பண்றான். இதெல்லாம் நான் பார்க்காத கேஸா!"

செய்முறையை எள்ளளவும் பிசகாமல் கண்டுபிடித்தார். ஆள் மட்டும் அவருக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த இஸ்மாயிலுக்கு ஃபோன் பண்ணியாச்சு, வந்துண்டிருக்கான்" என்றாள் மாமி. "ஏஜென்சியிலயும் சொல்லிட்டேன். நாலு வீட்டுக்காரா எழுத்துல குடுத்தா இன்னிக்கே அவனை நிறுத்திடறோம்னுட்டா. நீங்க மொதல் கையெழுத்துப் போடுங்கோ மாமா. உங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு."

நான் ஸ்நேஹாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

"ஆமாம் மாமி, கொஞ்ச நாளாவே பால் தண்ணியாத்தான் இருக்கு."

அப்போதுதான் இஸ்மாயில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்கிப் பக்கம் தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மாமி பாக்கெட்டை நீட்டினாள். மகாதேவன் தேதியை வாசித்தார், ஒட்டைக் காட்டினார், எத்தனை நாளாக இந்தத் தொழில் என்று கேட்டார்.

இஸ்மாயில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டுக்கு ஒரு பாக்கெட்தான் போடுகிறேன், பையில் மூன்று எப்படி வந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் பிழைப்பு தப்பிக்கும்.

"நான் பண்ணலங்க" என்றார். "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா? எப்படி இருக்கும்!" என்றார் மகாதேவன்.

மருமகள் கேட்டுக்கொண்டதற்காக அந்த மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டு மானத்தை எங்கள் வீட்டில் யாரும் காப்பாற்றவில்லை. வெளியே செருப்போடு நின்றவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"மாமி, அந்தப் பாக்கெட்டைக் கீழ வையுங்கோ. அது இஸ்மாயில் போட்டதில்ல. ஒரு மாசமா அவர் எங்களுக்கு ஒரு பாக்கெட்தான் போடறார். மத்த ரெண்டும் இந்த வீட்டுல செஞ்சது."

"செஞ்சதா?" என்றாள் மாமி.

"நீங்க பார்த்து எண்ணறதுக்காக."

"அப்பா!" என்றான் அனிருத்.

"சும்மா இருடா. மகாதேவன், அனிருத்துக்கு வேலை போய் ரெண்டு மாசமாறது. செலவைக் குறைச்சிருக்கோம். அதுல தப்பில்ல. குறைக்காத மாதிரி நடிச்சோம். அது தப்பு. நீங்க தெரிஞ்சுண்டு தேதி குறிக்கலாம், இல்லேன்னா எழுந்து போகலாம். ரெண்டுக்கும் எனக்கு வருத்தமில்ல."

கடைசி வார்த்தை முழு உண்மை அல்ல. வைஷு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் இஸ்மாயிலிடம் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நாளைக்கும் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். மாமி ஏஜென்சிக்கு மறுபடி ஃபோன் செய்து தன் புகாரைத் திரும்ப வாங்கினாள். அது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தினம் ஒரு பாக்கெட் குடுத்திருப்பேனே மாமா" என்றாள். அதற்காகத்தான் சொல்லவில்லை என்றேன்.

ரமா காபியை ஒரு வாய் குடித்து அப்படியே வைத்தாள். "பார்த்துண்டு சொல்றோம்" என்று மகாதேவன் எழுந்தார். லிஃப்ட் வரக் காத்திராமல் படியில் இறங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் ஃபோன் வந்தது. குரல் தேன். நான் ஸ்பீக்கரில் போட்டேன். வைஷு பக்கத்தில் இருந்தாள்.

"பத்மநாபன், நாங்க பெரிய மனசோட யோசிச்சோம். வேலை இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும். சம்பந்தத்தை நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு விஷயம். நிச்சயதார்த்தத்துக்கு எங்க பக்கம் பெரிய மனுஷாள்லாம் வரா. யாராவது கேட்டா அனிருத் பழைய கம்பெனி பேரையே சொல்லிடட்டும். அந்தக் கழுத்துல போட்டுப்பானே, அந்த அட்டை இருந்தாலும் நன்னாருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைஷு கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். அவள் தமிழ் கொஞ்சம் தடுமாறும். அன்று தடுமாறவில்லை.

"அங்கிள், இது அபினவுக்குத் தெரியுமா?"

"அவன்தாம்மா சொன்னான். ஒரு நாள்தானேன்னான்."

"ஒரு நிமிஷம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பேசியில் அபினவைக் கூப்பிட்டாள். பால்கனிக்குப் போய் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பேசினாள். நாலு மாதமாக இரவு பதினொரு மணி வரை பேசியவர்கள், அன்று மூன்று நிமிஷத்தில் முடித்தார்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் நேராக இருந்தது.

"அங்கிள், அண்ணா அந்த அட்டையைப் போட மாட்டான். எனக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாம். பஸ் ஜாலா, போதும்."

மகாதேவன் எதிர்முனையில் என்னைக் கூப்பிட்டார். "பெரியவா பேசிக்கலாம், அவ சின்னப் பொண்ணு" என்றார். அவள் சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அனிருத் மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கும் கிளம்பவில்லை. கூடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து, கதவையும் திறந்து வைத்து, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்நேஹா கார் கழுவுகிறவரிடமும் மௌஷியிடமும் நேராகவே பேசிவிட்டாள். மௌஷி ஒரு வேளை போதும் என்று ஒப்புக்கொண்டு, தன் வீட்டிலும் இதே கதைதான் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டடம் சும்மா இருக்குமா? அனிருத்தின் வேலை போனதால் மாப்பிள்ளை வீட்டார் வைஷுவை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று ஏ விங்கிலிருந்து டி விங் வரை பேச்சு. லிஃப்டில் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள்.

அது தவறு. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் தேதி குறிக்கத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னவள் என் மகள்.