மணவூரில் இருந்த இரண்டு பிரதிகள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல, பயம். ஒன்பது வருடமாக ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திருத்தணி மலைப்படிகளில் காவடிகள் அலையலையாக...' வேண்டாம். அழகாகத் தொடங்கினால் தப்பித்துவிடுவேன்.

2

1999. திருத்தணி, அரக்கோணம், மணவூர் என்று மூன்று ஊரிலும் எங்கள் இரத்த தானக் குழுவுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டர். கொடையாளர் பட்டியலைக் காட்டும் நிரலை எழுதியவன் நான். மூன்றிலும் அதன் பிரதி. எதை மாற்றினாலும் பிளாப்பியோடு ரயிலேறிப் போய் மூன்றிலும் போடவேண்டும்.

பட்டியலில் இரத்த வகைக்குப் பெயர் இல்லை, எண்தான்; அந்த ஆடியில் அந்த எண்களை மாற்றி அடுக்கினேன். (தேவையே இல்லை. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான்.) பழைய நிரலில் 3 என்றால் பி நெகட்டிவ், புதியதில் பி பாசிட்டிவ். புதிய பட்டியலைப் பழைய நிரல் திறக்காதபடி ஒரு வரி சேர்த்திருக்கலாம். சோம்பல்.

இரண்டு ஊரில் போட்டாயிற்று. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மணவூருக்கு ரயிலேற முடியவில்லை. அங்கே ஸ்டேஷனை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பரந்தாமன்தான் எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். நிரலும் பட்டியலும் இருந்த பிளாப்பியைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் கேட்டேன்.

"போட்டுட்டியாப்பா?"

"ஆங், போட்டுட்டேண்ணா."

3

'கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாத பரந்தாமன் செய்த...' (அடித்துவிட்டேன். அவன்மேல் பழி போட என் பேனாவுக்கு என்ன அவசரம்!)

நாலாம் நாள் அவன் தங்கை கவிதாவுக்குப் பிரசவம். உதிரம் நிற்கவில்லை. பி நெகட்டிவ் வேண்டும் என்றார்கள். பரந்தாமனே திரையில் தேடினான். மணவூரிலேயே நாலு பேர்! நாலு பேரும் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்கள். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, நால்வரும் பி பாசிட்டிவ் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி தேட நேரமில்லை.

அரக்கோணத்தில் குமரேசன் என்ற பி நெகட்டிவ்காரர் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார்.

குழந்தை பிழைத்தது. கவிதா போய்விட்டாள்.

4

காரியம் முடிந்தபின் கடைக்குப் போனேன். திரையில் நிரல் இரண்டு இருந்தது, பழையதும் புதியதும்.

"பழசு ஏம்ப்பா இருக்குது?"

"நல்ல நாளும் அதுவுமா எதையும் அழிக்கக் கூடாதுண்ணா. கிருத்திகையாச்சே. புதுச பக்கத்துல வச்சிட்டு, பட்டியல மட்டும் ரெண்டுலயும் மாத்திட்டேன். பழக்கத்துல பழசத்தான் தொறந்துகினு இருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

புதிய பட்டியலின் 3-ஐப் பழைய நிரல் பி நெகட்டிவ் என்று காட்டியிருக்கிறது, குமரேசனை வேறு வகையாக. வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே, "அவ நேரம்ணா, வேற இன்னா சொல்றது," என்றான்.

"ஆமாம்ப்பா," என்று சொல்லிக்கொண்டே பழையதை அழித்தேன்.

"எதுக்குண்ணா?"

"இடத்த அடைக்குது."

5

முடிவு ஒன்று: அவனிடம் சொல்கிறேன், அவன் என்னை அடிக்கிறான். நாலு தடவை எழுதினேன். நாலிலும் கடைசியில் மன்னித்துவிடுகிறான். எழுதுகிறவன் நான்தானே. வெட்கமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: சொல்லி முடித்ததும், பழையதைத் திறந்தது தன் கைதான் என்று அவனுக்குப் புரிகிறது. அதற்கு மேல்

எழுத முடியவில்லை.

பரந்தாமன் கதை படிக்கிறவன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். இப்போது உங்களுக்கும் தெரியும். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. கவிதாவின் மகள் பள்ளிவிட்டு அங்கேதான் வருவாள். சொல்வதா வேண்டாமா, நீங்களே பாருங்கள். சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். அவன் எதைத் திறந்தான் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.