சிவப்பு வயர்

"தள்ளு," என்றான் அண்ணன். அவன் கையில் ரம்பம் இருந்தது.

கேட்டின் மேல் வளைந்து படர்ந்திருந்த ரோஜாக்கொடியின் அடித்தண்டில் முதுகைச் சாய்த்து நின்றாள் சின்னவள். முள் சட்டையைத் தாண்டி இறங்கியது. அவள் நகரவில்லை.

தெருவில் வண்டி நின்றது. அப்பா வீட்டுக்குள்ளே பெட்டியில் இருந்தார். கேட்டின் இரண்டு பக்கமும் கொடிகள் தொங்கியதால் ஒரு ஆள் போகும் அகலம்தான் மிச்சம். அதிலும் அப்பா தலையைச் சாய்த்துத்தான் போவார்.

"சாஞ்சு ஒதுங்கிப் போறதுக்கு இப்போ அவரால முடியாதும்மா," என்றார் வண்டிக்காரர்.

"அடியோட வெட்டு. மறுபடி வந்துட்டுப் போகுது," என்றாள் அப்பாவின் அக்கா.

"அடியில வெட்டினா செடியாத்தான் வரும் அத்தை. கொடியா வராது."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். வந்தவர்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவே கதவுக்குப் பின்னால் நின்று ஒத்திகை பார்க்கிறவள் சின்னவள்.

அப்பா வயர்மேன். இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டில் வயர் கழற்றப் போனவர், அங்கே சுவரில் ஏறியிருந்த ரோஜாவில் ஒரு குச்சியை ஒடித்து டூல்ஸ் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அப்போது சின்னவள் பிறக்கவில்லை. கருஞ்சிவப்புப் பூ. வெயிலில் வதங்கிக் கறுத்தாலும் லேசில் உதிராது. இந்த ரகம் இப்போது எந்த நர்சரியிலும் இல்லை. கொடிகளை அவர் துண்டு வயரால் கட்டினார். சிவப்பு வயர் கட்டியது இருக்கட்டும்; கருப்பு வயர் கட்டியதை அடுத்த முறை வெட்டலாம் என்பது அவர் கணக்கு. "சிவப்புல கரன்ட் ஓடுது," என்பார்.

"இதுதான்டி அவரைக் கொன்னுச்சு," என்றான் அண்ணன். "ஏணி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டினேன். சாவியையும் ஒளிச்சு வச்சேன். யாரு எடுத்துக் குடுத்தது?"

வண்டிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் சின்னவள்.

"என்னது?"

"சாவி சர்க்கரை டப்பால இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். ஏணியையும் நான்தான் பிடிச்சேன்."

"பிடிச்சுக்கிட்டு வேற நின்னியா!" அத்தை வாயில் கை வைத்தாள்.

அண்ணனின் கை ரம்பத்தோடு உயர்ந்து, தாழ்ந்தது. "அவர் கேட்டா குடுத்துடுவியா? உனக்கு அறிவிருக்கா?"

"இல்ல. அரை மணி நேரம் குடு. எல்லாத்தையும் அவிழ்த்துடறேன்."

"நான் இன்னொரு வீட்டுக்குப் போகணும்மா," என்றார் வண்டிக்காரர்.

"அவர் யார் வீட்டிலயும் வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனதில்ல. நீங்களும் இருங்க." சின்னவளின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

ஏணியை அவளே இழுத்து வந்து நிறுத்தினாள். ஒரு கால் குட்டை, ஏறியதும் ஆடியது. வயரைக் கட்டிங் பிளேயரால் இரண்டு முறுக்கு முறுக்கி, யார் கையிலும் குத்தாமல் நுனியை உள்ளே மடித்து விடுவது அப்பாவின் பழக்கம். நுனியை நிமிர்த்தி, முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு கொடியாகக் கீழே விட்டாள். அத்தை கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாங்கிச் சுவரோரம் படுக்க வைத்தாள். "செத்தும் என்கிட்ட வேலை வாங்குறான் பாரு, என் தம்பி."

உச்சியில் பழைய கொடி ஒன்று, மணிக்கட்டுத் தடிமன். பட்டை பாதி உரிந்திருந்தது. போன வாரம் அண்ணன்தான் அதில் கருப்பு வயரைச் சுற்றினான். "இது பட்டுப்போச்சுப்பா, எடுத்துடலாம்." அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு ஜன்னல் வழியே அது நேராகத் தெரிந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நேற்றுக் காலையில், "சாவியை எங்க வச்சிருக்கான்?" என்றார்.

இப்போது அதில் இருந்தது சிவப்பு வயர்.

அதை நறுக்காமல் கழற்றிக்கொண்டு இறங்கினாள். அண்ணனிடம் நீட்டினாள்.

"இதுக்குத்தான் ஏறினார். இறங்கி வந்து, 'இன்னும் இருக்கட்டும்'னு சொன்னார். தண்ணி கேட்டுக் குடிச்சார். அப்புறம்தான் நாற்காலியில உக்காந்தார்."

அண்ணன் வயரைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். பெட்டி கேட்டைத் தாண்டியது. ஒரு முள்கூட அதில் படவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சின்னவள் நேராக ஏணியிடம் போனாள்.

"நாளைக்குக் கட்டிக்கலாம். மனுஷி மாதிரி உள்ள வந்து கொஞ்சம் உக்காருடி," என்றாள் அத்தை.

"தரையில கிடந்தா மொட்டு நசுங்கிடும்."

ஏறினாள். ஏணி ஆடியது. பற்களுக்கு இடையே வயரைக் கடித்துக்கொண்டு கட்டத் தொடங்கினாள். நாலாவது கொடியைக் கட்டும்போது ஏணி ஆடுவது நின்றது. அவள் கீழே பார்க்கவில்லை.

கடைசியாக அந்தப் பழைய கொடி. அதைத் தூக்கி வளைவில் பொருத்தி, தோளால் அழுத்திக்கொண்டு, ஒரு கையைக் கீழே நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கை வெறுமனே இருந்தது. பிறகு ஒரு வயர் உள்ளங்கையில் வந்து படிந்தது. சட்டைப் பையின் சூடு அதில் இருந்தது. அப்பா முறுக்கிய இரண்டு வளைவும் அப்படியே இருந்தன. அந்த வளைவிலேயே பிடித்துச் சுற்றி, நுனியை உள்ளே மடித்தாள்.