மீன் தெளிவு, ஆள் மங்கல்

ஷெல்விக் தீவில் நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் மறுபடி தலையைக் காட்டும். இடையில் நடுப்பகலில் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வந்து எட்டிப் பார்க்கும். காப்பி குடிக்கக்கூட நிற்காத விருந்தாளி மாதிரி உடனே கிளம்பியும் விடும். வருஷத்தில் வேறு காலமே கிடைக்காத மாதிரி, இந்த இருட்டில்தான் ஒரு பெண் ஹல்வாரிடம் புகைப்படம் கேட்டாள்.

ஹல்வாருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் படகுகளின் இன்ஜின்களெல்லாம் அவர் கைக்குத்தான் பழுதுக்கு வரும். மனைவி தெற்கே போய் நான்கு வருஷம் ஆகிறது. போனவள் திரும்பப் போவதில்லை என்று ஊருக்கெல்லாம் முதல் வாரமே புரிந்துவிட்டது. அவருக்குப் புரியத்தான் மூன்று வருஷம் பிடித்தது. அதற்கப்புறம் தங்கை ஒட்னி அவர் கைப்பேசியில் ஜோடி தேடும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, பழைய படம் ஒன்றையும் ஏற்றிவிட்டாள். பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஜூலை மாதம். படகு, வெயில், தலை நிறைய முடி, கையில் பெரிய காட் மீன்.

மீன் இல்லாமல் முடியாது. இந்தப் பக்கம் பெண் தேடுகிற ஆண் பல் டாக்டராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, படத்தில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். வெறுங்கையோடு நின்றால் ஆசாமி எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். தலைமுடி போனதை மறைக்கலாம், தொந்தியை மறைக்கலாம், மீனை மறைக்கக் கூடாது. அப்படி ஒரு நேர்மை!

இங்கபியோர் பக்கத்துத் தீவில் கால்நடை மருத்துவர். ஒரு மாதமாக இரண்டு பேரும் ஆட்டுக்கு வரும் நோய், இன்ஜினுக்கு வரும் நோய் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடும்போது கைப்பேசி சிணுங்கினால் ஹல்வார் முள்கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். அந்தத் திங்கட்கிழமை வந்த செய்தியில்தான் வெடிகுண்டு இருந்தது.

"உங்க படத்துல இருக்கிற போட்டை எனக்கு நல்லாத் தெரியும். எங்க ஊர் ஆளு ஒருத்தர் அதை உங்ககிட்ட வாங்கிப் பத்து வருஷமாச்சு. அப்போ படம் அதுக்கும் பழசு. இப்போ எப்படி இருக்கீங்கன்னு ஒரு படம் அனுப்புங்க. வெளியில நின்னு எடுத்தது வேணும். அதைப் பாத்துட்டுத்தான் சனிக்கிழமை போட்டுல வர்றதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

ஆளை அடையாளம் தெரியவில்லை, படகை அடையாளம் தெரிந்துவிட்டது! தீவுக்காரர்களிடம் பொய் சொல்ல நினைப்பவன் முதலில் படகை மறைக்க வேண்டும்.

ஹல்வார் தானே செல்ஃபி எடுத்துப் பார்த்தார். இருட்டில் முகமெல்லாம் மணல் தூவின மாதிரி வந்தது. வேறு வழியில்லாமல் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே தங்கை புருஷன் ஸ்டெய்னார் இருந்தான். இருந்தான் என்ன, இதற்காகவே காத்திருந்தான் என்று சொல்ல வேண்டும். நூலகத்தில் 'கைப்பேசியில் இருட்டுப் படம்' என்று இரண்டு நாள் வகுப்பு நடந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்தவன் அவன். சான்றிதழைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்தே தீர வேண்டும்.

"கவலையே படாத மச்சான். இதை எங்கிட்ட விட்டுடு. நாளைக்கு மத்தியானம் படகுத்துறைக்கு வா. மீனைக் கொண்டா" என்றான்.

"வீட்டுக்குள்ளயே மேல் விளக்கைப் போட்டு எடுத்தா என்ன?" என்று ஒட்னி கேட்டாள்.

ஆண்கள் இருவரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். குளிர்காலத்தில் மேல் விளக்கைப் போடுவதாவது! ஜன்னலோரம் மெழுகுவத்தி, மூலையில் ஒரு சின்ன விளக்கு, அதுதான் வீடு. கூரை விளக்கை எரியவிட்டால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிடுவார். தவிர, அந்தப் பெண்மணி வெளியில் எடுத்த படம்தான் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் துறையில் ஹல்வாரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்ததும் ஸ்டெய்னார் தலையில் அடித்துக்கொண்டான்.

"லென்ஸைத் தொடைக்கிற வழக்கமே இல்லையா உனக்கு? பூரா மீனெண்ணெய்! வேலை செய்யற பாக்கெட்லயே போட்டு வச்சிருக்கே. இந்த லென்ஸ்ல பாத்தா நெலாவே பிசுபிசுன்னுதான் தெரியும்."

துடைத்தான். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டான். மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானைத் தொட்டான். துப்பாக்கி சுடப் போகிறவன்கூட இவ்வளவு பக்தியாக நின்றிருக்க மாட்டான்.

"நைட் மோடு மச்சான். இது டக்குன்னு எடுத்துடாது. அஞ்சு வினாடி கண்ணைத் திறந்து வச்சு வெளிச்சத்தைச் சேத்துக்கிட்டே இருக்கும். நானும் அசையக் கூடாது, நீயும் அசையக் கூடாது."

"ஒன்பது கிலோ மீனைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கவா?"

"காதல்னா சும்மாவா?"

படத்தில் மீனுக்கு மூன்று வால். ஹல்வாருக்குத் தலையே இல்லை, தலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். இரண்டாவது படத்துக்குள் குளிரில் பேட்டரி செத்துப்போனது. "அய்யோ, போச்சே" என்று ஹல்வார் சொன்னார். ஆனால் அந்த 'அய்யோ'வில் ஒரு நிம்மதி இருந்தது. ஸ்டெய்னாருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை ஸ்டெய்னார் தன் புதுக் கைப்பேசியையே கொண்டுவந்தான். அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து, பிறந்த குழந்தை மாதிரி சூடாக வைத்திருந்தான். மீன் பெட்டியின் மேல் தன் கையுறையைப் போட்டு, அதில் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தினான். விரல் பட்டாலே ஆடிவிடும் என்று டைமர் வைத்தான். மீனை ஹல்வார் தூக்க வேண்டாம், காயப்போடும் கழியில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று ஏற்பாடு. நெற்றி விளக்கைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஹல்வார் கேட்டதற்கு, "மூஞ்சிக்கு நேரா அடிச்சா பொணம் மாதிரி விழுவே" என்று அதட்டினான்.

டைமர் டிக் டிக்கென்றது. காற்றில்லை. மீன் துளிகூட ஆடவில்லை. செத்த மீனுக்கு அந்த ஒரு வசதி உண்டு. ஹல்வார்தான் ஆடினார். முதல் வினாடி வயிற்றை உள்ளே இழுத்தார். அப்புறம் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இறக்கினார். அப்புறம் மோவாயைத் தூக்கினார். கடைசியில் மீனுக்குப் பின்னால் அரையடி ஒதுங்கிக்கொண்டார்.

படம் வந்தது. மீன் அப்படித் தெளிவாக விழுந்திருந்தது. செதில் செதிலாக எண்ணலாம், கண்ணில் துறை விளக்கின் சிறு புள்ளிகூடத் தெரிந்தது. அதன் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு புகை. புகைக்கு ஊடாகப் பின்னால் இருந்த படகுக் கொட்டகையின் கதவும் தெரிந்தது.

"பாதி வெற்றி" என்றான் ஸ்டெய்னார்.

"மீனைக் கட்டிக்கப் போறவளுக்கு முழு வெற்றி" என்றாள், காப்பி கொண்டுவந்த ஒட்னி.

ஆனால் ஹல்வாருக்கு அந்தப் படம் பிடித்துப்போனது. வெளியில் எடுத்தது, இன்றைக்கு எடுத்தது, பொய் ஒன்றும் இல்லை. சொட்டையும் தெரியவில்லை, இரட்டைத் தாடையும் தெரியவில்லை. அதை ஸ்டெய்னாரிடமிருந்து தன் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் இங்கபியோருக்கு அனுப்பிவிட்டார். 'வெளிச்சம் போதவில்லை' என்று ஒரு வரியும் எழுதினார். பாவம் வெளிச்சம், எல்லாப் பழியையும் அதுதான் சுமக்க வேண்டும்.

அனுப்பியது தெரிந்ததும் ஸ்டெய்னாருக்குத் தாங்கவில்லை. தான் எடுத்த இப்படி ஓர் அரைகுறைப் படம் வெளியூருக்குப் போய்விட்டதே என்று இரவெல்லாம் புரண்டானாம். வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி ஹல்வாரைத் துறைக்கு இழுத்து வந்தான். மீன் அதே கழியில் விறைத்துத் தொங்கியது.

"நீ மீனைவிட்டுத் தள்ளி நில்லு. உன்னை மட்டும் எடுக்கறேன். இன்னைக்கு அசைஞ்சேன்னு வை, மச்சான்னுகூடப் பாக்க மாட்டேன்!"

டைமரைத் தட்டிவிட்டு ஒதுங்கினான். அந்த நேரம் பார்த்து ஹல்வாரின் பாக்கெட்டில் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். இங்கபியோர்.

"மீன் நல்லா இருக்கு. ஆனா மீனைப் பாக்க நான் ரெண்டு மணி நேரம் போட்டுல வர மாட்டேன். நீங்க குளிர்ல நடுங்கல. வேணும்னே அசைஞ்சிருக்கீங்க. தன்னைப் பாக்கக் கூடாதுன்னு ஒதுங்கற ஆட்டைத் தினமும் பாக்கிறவ நான். சனிக்கிழமை வேண்டாம்."

ஹல்வார் ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். வயிற்றை இழுக்கத் தோன்றவில்லை. குல்லாய் பின்னால் நழுவியதும் தெரியவில்லை. அப்படியே நின்றார். மனைவியின் பெட்டிகள் இதே துறையில் படகேறிய அன்றும் அவர் இப்படித்தான் நின்றார். அன்றைக்கு ஊர் பார்க்கிறதே என்று வலிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இன்று அதுவும் மறந்துவிட்டது.

"அடேயப்பா!" என்று ஸ்டெய்னார் குதித்தான். "மச்சான், வந்து பாரு! கண்ணிமையை எண்ணலாம்! போன் வெளிச்சம் மூஞ்சில பக்கவாட்டுல என்னமா விழுந்திருக்கு! நானே நெனச்சாலும் இப்படி வெளிச்சம் வைக்க முடியாது. ஒரு இம்மிகூட அசையலையே, எப்படி நின்ன?"

"அவங்க வரலையாம்."

"அப்படியா? த்சொ த்சொ." ஸ்டெய்னார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அந்தக் கண்ணுல தண்ணி பாரேன், என்ன தெளிவு!"

அடிக்காமல் விட்டது ஹல்வாரின் பெருந்தன்மை.

சாயங்காலம் ஒட்னி அந்தப் படத்தை மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். சொட்டை, தாடை, கன்னத்துச் சுருக்கம், ஈரமான கண், எல்லாம் அதில் இருந்தது. கேலி செய்வாள் என்று ஹல்வார் காத்திருந்தார்.

"அண்ணா, அவ போனப்போகூட உன் மூஞ்சிய நீ எங்களுக்குக் காட்டல" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் எழுந்து போய், அவருக்கென்று பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து ஒரு வாஃபிள் எடுத்துவந்தாள்.

வீட்டுக்கு வந்து ஹல்வார், ஸ்டெய்னார் தன் கைப்பேசிக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தை அழிக்கப் போனார். விரல் பொத்தான் வரைக்கும் போனது. அழித்தால் மிச்சம் இருப்பது அந்த ஜூலை மாதத்துப் பயல் ஒருத்தன்தான் என்று நினைத்ததும் வெறுப்பாக வந்தது. அவன் படகே இப்போது அடுத்தவர் படகு. அழிக்காமல் அனுப்பினார். கீழே எழுதினார்: "உங்க செய்தியைப் படிச்சிட்டிருந்தப்போ எடுத்தது. இதுல அசையல."

பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. படித்துவிட்டாள் என்று மட்டும் கைப்பேசி காட்டியது. இந்தச் சாதனத்துக்குத்தான் எவ்வளவு கருணை!

சனிக்கிழமை மத்தியானம் ஹல்வாருக்குத் துறையில் அவசர வேலை ஒன்று முளைத்தது. ஏற்கெனவே பழுதுபார்த்து முடித்த இன்ஜினை மறுபடி பார்க்கும் வேலை. ஸ்டெய்னாரும் காற்று வாங்க வந்தான், சட்டைக்குள் கைப்பேசியோடு. நீல வெளிச்சத்தில் படகு வந்து ஒட்டியது. ஆட்கள் இறங்கினார்கள். ஹல்வாருக்கு மனப்பாடமான முகம் ஒன்று உண்டு: பச்சைப் புல்வெளியில் பொன்னிறக் கூந்தல் பறக்கச் சிரிக்கும் ஒல்லியான பெண். அவள் இறங்கவில்லை. கடைசி ஆளும் இறங்கியாயிற்று. ஹல்வார் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

எதிரே கட்டையான ஓர் அம்மாள் வழியை மறித்து நின்றாள். நரைத்த கிராப்பு, தடித்த கண்ணாடி. கையிலிருந்த கைப்பேசியை அவர் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. அதே ஆளுதான்" என்றாள்.

"நீங்க...?"

"இங்கபியோர்."

"உங்க படத்துல..."

"அது எங்க தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது. பதினாறு வருஷம் ஆச்சு."

ஹல்வாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட, என்னங்க இது! என் பதினொரு வருஷப் படத்துக்கு அந்தப் பாடு படுத்தினீங்க. ஆடுன்னு சொன்னீங்க!"

"ஆமா, சொன்னேன்." அவள் கண்ணாடியைக் கழற்றி, பனியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். "ஒதுங்கற ஆட்டை எனக்கு எப்படி அவ்வளவு நல்லாத் தெரியும்னு நெனச்சீங்க? யாராவது ஒருத்தர் முதல்ல அசையாம நிக்கணும்ல. எனக்குத் தைரியம் வரல. உங்க படம் வந்ததும் நேத்து பூரா அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் டிக்கெட் எடுத்தேன்."

ஹல்வார் அவளைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சொட்டை தெரிந்தால் தெரியட்டும் என்று.

"அப்படியே! அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்!" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து ஸ்டெய்னார் கத்தினான். "அஞ்சே வினாடி! அசையாதீங்க!"

இங்கபியோருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஹல்வாருக்கும் வந்தது. அஞ்சு வினாடியும் இரண்டு பேரும் குலுங்கினார்கள்.

"போச்சு, போச்சு! படகு மட்டும்தான் விழுந்திருக்கு. ரெண்டு பேரும் வெறும் புகை" என்று ஸ்டெய்னார் திரையைப் பார்த்துப் புலம்பினான். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அவர்கள் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த மீன் இன்னும் தொங்குதா?" என்று இங்கபியோர் கேட்டாள். "எனக்குப் பசிக்குது."