கும்பிடு போடும் லாரி

எர்னஸ்டின் குட்டி லாரிக்குக் கோயிலைக் கண்டால் போதும், தலை தானாகக் குனிந்துவிடும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்து வருஷம் குண்டும் குழியுமான ரோட்டில் அடிபட்டு, முன்பக்கத்தைத் தாங்கும் வில்போன்ற கமான் பட்டைகள் அப்பளமாகத் தட்டையாகிப் போயிருந்தன. மூக்கு ஏற்கெனவே ஒரு சாண் தொங்கிக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் மிச்சமும் இறங்கி மட்கார்டு டயரைத் தொடும். கோயில் வாசல் என்றால் கூட்டம் இருக்கும், கூட்டம் இருந்தால் பிரேக் போட்டுத்தானே ஆகவேண்டும்? காணிப்பாக்கத்தில் ஒரு கும்பிடு, திருச்சானூரில் ஒரு கும்பிடு. பார்த்த யாத்திரைக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்தூர் மிஷன் சபையே இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தது. சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான்: எர்னஸ்ட் கட்டிக்கொள்ள இருந்த லோயிஸின் அப்பா கிருபானந்தம். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார், சபை மூப்பர் வேறு.

"மூப்பர் மருமவனாவப் போறவன் வண்டி கோயிலுக்குக் கோயில் கும்புட்டுக்கினு போவுதுன்னு மார்க்கெட்டே பேசுது. மொதல்ல அந்த மூக்கைத் தூக்கச் சொல்லும்மா. அப்புறம் ஓலை வாசிக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றார் மகளிடம்.

மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்காமல் தாலி கிடையாது. லோயிஸ் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எர்னஸ்டைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் யோசனை அவளுக்குக் கனவிலும் வந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு லாரியின் மூக்குக்காக வீட்டில் உட்கார்ந்து அழுவாளா? வகுப்பறை அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நேரே கொல்லர் நாகையாவின் பட்டறைக்கே போய்விட்டாள்.

எர்னஸ்ட் லாரியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கமானைக் கழற்றிக் கொடுத்தான். நாகையா ஒவ்வொரு பட்டையாக உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவு ஏறும்படி தட்டி, எண்ணெயில் முக்கினார். பிறகு, ஓட்டம் நின்றுபோன ஒரு ஜட்கா வண்டியின் பட்டைகளைக் கொண்டுவந்து போட்டார்.

"ஒக்கட்டி சாலும்மா. பக்கத்துக்கு ஒரு பட்டை சேத்தா போதும்."

"மூணு போடுங்க" என்றாள் லோயிஸ்.

"மூணா? அப்பறம் கமான் அசையாது. கட்டையாட்டம் நிக்கும்."

"நிக்கட்டும். எங்க நைனா முன்னால அது ஒரு விரக்கடைகூடக் குனியக் கூடாது."

"லோயிசு, நாகையா சொல்றதைக் கொஞ்சம்..." என்று எர்னஸ்ட் இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு வேண்டிய பழக்கம்தானே, இப்போதே வரட்டும் என்று நினைத்திருப்பான். மூன்று மூன்றாகப் பட்டை ஏறியது. ஜாக்கியை இறக்கியதும் லாரி எதிரே இருந்த மாந்தோப்பின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது. லோயிஸ் பம்பருக்குக் கீழே அளவுகோலை வைத்து, "இருபத்தோரு அங்குலம்!" என்று முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பெயரை வாசிப்பதுபோல் கூவினாள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் லாரியை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். நாகையா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே உலையை அணைத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பரீட்சை. திருச்சானூர்க் கடைகளுக்குப் போகவேண்டிய வெல்ல மூட்டைகள் பின்னால்; மூட்டைமேல் லோயிஸ். முன்னால் எர்னஸ்டுக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் கோட்டுமாகக் கிருபானந்தம். வழியில் பாடிக்கொண்டு போகலாமென்று பாட்டுப் புத்தகத்தையும் எடுத்து வந்திருந்தார். முதல் பாட்டின் முதல் அடியிலேயே கமானின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறியது. ராகம் நூறு துண்டானது. அவர் பாட்டை விட்டார். புத்தகமும் தவறி விழுந்துவிடாதபடி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

ஆனாலும் சந்திரகிரியில் பிரேக் போட்டபோது எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, குனியல" என்றார். லோயிஸுக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதிக்கவேண்டிய அவசியமில்லை, வண்டியே அதைச் செய்துகொண்டிருந்தது.

திருச்சானூர்க் கோயில் தெருவில் நல்ல கூட்டம். எங்கிருந்தோ ஒரு பசு குறுக்கே வந்தது. எர்னஸ்ட் ஏறி மிதித்தான்.

லாரி குனியவில்லை. நாகையா சொன்ன சொல் தவறாமல் கட்டையாட்டம் நின்றது. குனிந்தது கிருபானந்தம். சேர்த்த கை சேர்த்தபடியே இருக்க, இடுப்பு வரை வளைந்து, நெற்றியால் எதிர்ப் பலகையைத் தொட்டு எழுந்தார். கமான் விடுமா? மறுபடி ஒரு தூக்கு, மறுபடி ஒரு கும்பிடு. அப்புறம் மூன்றாவது. கோபுரத்துக்கு நேர் எதிரே, சுத்தமாக மூன்று கும்பிடு.

"அம்மாடி, பெரியவருக்கு இன்னா பக்தி!" என்று பூக்காரி கங்கம்மாள் ஒரு முழம் மல்லிகையை அவர் மடியில் போட்டாள். தெருவே "கோவிந்தா!" என்றது.

மூன்று பட்டை கேட்டது லோயிஸ்தான். ஓலையும் போயிற்று, எர்னஸ்டும் போனான் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட வேகமாகச் சிரிப்பு வந்தது. அவள் வெல்ல மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூட்டத்தைத் தாண்டியதும் கிருபானந்தம் வண்டியை நிறுத்தச் சொன்னார். தலைப்பாகையைச் சரிசெய்தார். மல்லிகையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பையில் திணித்தார்.

"எர்னஸ்டு."

"ஐயா."

"திருப்பதியில கொல்லன் இருக்கானா?"

"இருக்கார், ஐயா."

"புதுசா போட்ட பட்டையெல்லாம் கழட்டிப் போடு. கும்புடுறது வண்டியாவே இருக்கட்டும்."

லோயிஸ் மூட்டைமேலிருந்து தலையை நீட்டினாள். கன்னமெல்லாம் வெல்லம். "அப்போ ஓலை, நைனா?"

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு எர்னஸ்டைப் பார்த்தார். நடந்ததைப் பார்த்தவர்களில் சித்தூர்க்காரர்கள் இந்த இரண்டு பேர்தான்.

"நாளைக்கே மொத ஓலை" என்றார் கிருபானந்தம். "ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பாக்கல."

"எதை நைனா?" என்றாள் லோயிஸ்.