வண்டித் தரையின் சூடு

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டுகிறவர் என்பதால் வந்த பெயர் அல்ல. எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் ஹாரன் அடிக்க மாட்டார் என்பதால் கேலியாக வைத்தது. முன்னால் ஒருவன் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாலும், அவன் தானாக நகரும் வரை ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பின்னாடி இருக்கிறவங்க அடிக்கிறாங்கல்ல, அது பத்தாதா" என்பார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணிகளை வாரிக்கொண்டு வந்து, வெளுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கிற கூடம் அது. அவர் மனைவி அங்கேயே நீராவி இஸ்திரியில் நின்றாள். வண்டி அவர் பொறுப்பில் வீட்டு வாசலில்தான் நிற்கும். காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள், மாலையில் சேர்ந்து வருவார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவள் அடுப்படி, அவர் டிவி. அதனால் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதெல்லாம் அந்த முன் சீட்டில்தான். யார் யாரோடு சண்டை, எந்த விடுதியில் துண்டு காணாமல் போகிறது, வாடகை வீட்டுக்காரர் ஏன் முறைக்கிறார், எல்லாம் அங்கேதான் பேசித் தீரும்.

அந்தக் கோடையில் வண்டியின் தரை சுட ஆரம்பித்தது.

"என்னங்க, கீழ கால் வைக்க முடியல. தோசைக்கல்லு மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும், உங்க பக்கம் காத்து வருது."

"நாள் முழுக்க ஆவியில நிக்கிறவ, இந்தச் சூட்டுக்கு அழறியே" என்று சிரித்தார்.

முதலில் அவள் பையைக் கீழே போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள், முழங்கால் வலித்தது. கடைசியில் ஒருநாள் பின்பக்கக் கதவைத் திறந்து துணி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அங்கே சாய்ந்துகொள்ள மெத்தென்று இருந்தது. இரண்டே நிமிடத்தில் தூங்கியும் போவாள். அவருக்கு முன்னால் தனியாக ஓட்டப் பிடிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்துப் பேசினார். என்ஜின் சத்தத்தில் அவளுக்குப் பாதி கேட்கவில்லை. இப்படி ஒரு வாரம் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அவளுடைய தம்பியின் பட்டறைக்குப் போனார். அவளையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

தம்பி மெக்கானிக். சின்னப் பட்டறை, பெரிய கை. எதையும் இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

"உங்க அக்கா மகாராணி பின்னாடி போய் உட்கார்ந்துட்டாங்க. அவங்க காலுக்குச் சுடுதாம். ஏதாவது பண்ணு" என்றார் அவர்.

"சைலன்சர் பைப்பு சூடுதான் மாமா. அதுக்குச் சுத்துறதுக்குன்னே ஒரு பட்டை இருக்கு. கண்ணாடி நார்ல நெய்தது. தண்ணியில ஊறவச்சு இறுக்கிச் சுத்திட்டா சூடு வெளிய வராம பைப்போடயே போயிடும்."

"அப்ப சுத்திடு."

தம்பி வண்டியை ஜாக்கில் தூக்கிக் கீழே படுத்தான். பிறகு கீழிருந்தே கேட்டான்.

"பைப்புக்கும் தரைக்கும் நடுவுல சூடு தடுக்கிற தகடு ஒண்ணு இருந்துச்சே மாமா?"

"போன வருஷம் நீதானே கழட்டின. கடகடன்னு ஆடுது, காதைக் குடையுது, கழட்டிப் போடுன்னு நான்தான் சொன்னேன்."

"புதுசு வாங்கிப் போடணும்னு சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. யாரு ஞாபகம் வச்சிருந்தா."

தம்பி வெளியே வந்தான். கையைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு முன் கதவைத் திறந்தான். முதலில் அக்கா உட்காரும் பக்கத்துத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஓட்டுநர் பக்கம் போய்க் குனிந்தான். கையை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டான். ஆக்ஸிலேட்டருக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டை இழுத்தான். அது தரையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. குதிகால் பதிகிற இடத்தில் உருகிக் குழிந்திருந்தது.

"அக்கா பக்கம் சும்மா அடுப்பு ஓரம். அடுப்பே இங்கதான் எரியுது" என்றான். "மாமா, இதுமேலயா காலை வச்சு ஓட்டிட்டிருந்தீங்க?"

"எனக்குத்தான் சுடவே இல்லையேப்பா."

"செருப்பைக் கழட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். அந்தச் செருப்பு புதிது. இதற்கு முந்தையது குதிகாலில் இளகிப் போய்விட்டது என்று, இப்போதெல்லாம் செருப்பை எதில்தான் செய்கிறார்களோ என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். குதிகாலின் அடிப்பக்கம் முழுவதும் வெந்து, தோல் வெளுத்து உரிந்து, நடுவில் கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் நீர் வடிந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"இது எப்ப?" என்றார், வேறு யாருடைய காலையோ கேட்பதுபோல.

நான்கைந்து நாளாக வீட்டுப் படுக்கை விரிப்பில், கால் படும் பக்கத்தில், பழுப்பாக ஒரு கறை இருந்தது. தேநீர்க் கறை என்று நினைத்து சோடா உப்புப் போட்டுத் தேய்த்து அலசிவிட்டிருந்தாள். மறுநாள் மறுபடி வந்திருந்தது. மறுபடி அலசினாள். ஊரார் விரிப்பில் இருக்கிற கறையைப் பார்த்தே இது ரத்தம், இது மருந்து, இது குழம்பு என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, மழுங்கிய ஊசி போன்ற ஒன்றை எடுத்துக் காலில் அங்கங்கே தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"இங்க?"

"தெரியுது."

"கண்ணை மூடிக்கோங்க."

கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா பெருவிரலில் அழுத்தினார், பாதத்தின் நடுவில் அழுத்தினார். அவர் முகம் அப்படியே இருந்தது. பரீட்சையில் கேள்விக்காகக் காத்திருக்கிற பிள்ளையைப் போல உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப?"

"நீங்க இன்னும் தொடவே இல்லையேம்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்க்கரை இருப்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். மாத்திரை தீர்ந்தால் வாங்குவார், மறந்தால் விட்டுவிடுவார். கால் மரத்துப்போகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மரத்துப்போவதும் தெரியாமலே மரத்துப் போயிருந்தது.

படுக்கை கொடுத்தார்கள். அவர் தினமும் பின்வாசல் வழியாகத் துணி இறக்குகிற ஆஸ்பத்திரிதான் அது. விரிப்பின் மூலையைத் திருப்பி, தங்கள் கூடத்தின் முத்திரையைப் பார்த்து, "நம்ம சரக்குதான், நல்லாத்தான் தேய்ச்சிருக்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. பார்க்க வந்த மச்சானிடம், "வேலையைப் பாதியில விட்டுடாதே. அந்தப் பட்டையைச் சுத்தி முடிச்சுடு. எனக்கும் கட்டு, வண்டிக்கும் கட்டு" என்றார்.

தம்பி முடித்தான். பட்டையை வாளியில் ஊறவைத்து, என்ஜினை ஒட்டிய முனையிலிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கினான். அதற்கு மேலே புதுத் தகடு ஒன்றும் வாங்கிப் பொருத்தினான். அந்த நார் கையில் ஏறினால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அவன் அன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

புண் ஆறவில்லை. எலும்பு வரை சீழ் இறங்கிவிட்டது என்றார்கள். முதலில் இரண்டு விரல், பிறகு பாதி பாதம் என்று பேச்சு ஓடியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால்தான் உயிருக்குப் பயமில்லை என்று கையெழுத்துக் கேட்டார்கள். அவரே போட்டார். எடுத்தது அந்த வலது காலை. இனி வண்டி ஓட்டுவது இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று அறுவை அறைக்கு வெளியே தம்பி வந்து நின்றபோதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"தகட்டைக் கழட்டினியே, அடியில என்ன எரியுதுன்னு உனக்கு மட்டும்தானே தெரியும். அவருக்கா தெரியும்?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான். அதன்பிறகு அவர் கண்விழித்து இரண்டு தடவை, "மச்சான் எங்க" என்று கேட்டார். "வேலை இருக்காம்" என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "கழட்டச் சொன்னது நான். அவனை எதுவும் சொல்லிடாதே" என்றார். அவள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

கூடத்தில் வேறு டிரைவர் போட்டார்கள். அமைதியான ஆள். ஒருநாள் வேலை முடிந்து அவள் பேருந்துக்கு நிற்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத்தான் துணி கொண்டுபோகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் அக்கா என்றார். முன் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் ஏறுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வண்டிக்குள் தீய்ந்த நாற்றம் லேசாக இருந்தது. "பைப்புல புதுசா ஏதோ சுத்தியிருக்காங்க. மொதல்ல கொஞ்ச நாளைக்குப் புகையும், அப்புறம் சரியாயிடும்னு மெக்கானிக் சொன்னாரு" என்றார் டிரைவர்.

அவள் பழக்கத்தில் கால்களைத் தூக்கிப் பையின்மேல் வைத்திருந்தாள். பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள். தரை சில்லென்று இருந்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து என்ஜின் கொதித்துக்கொண்டிருந்த நேரம், ஆனால் வீட்டுத் தரையில் கால் வைத்ததுபோல இருந்தது. இதைத்தான் அவர் கேட்டார். தன் காலுக்காகக் கேட்கவில்லை. அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதற்காகக் கேட்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். டிரைவர் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டினார். ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே போனார்.

"தரை எப்படி இருக்கு?" என்று அன்று மாலை, அந்த வண்டியில் வந்ததாக அவள் சொன்னதும், கட்டிலில் கிடந்தவர் கேட்டார்.

"சில்லுன்னு இருக்கு."

"பாத்தியா" என்றார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை, பேருந்திலேயே போய் வந்தாள். ஆனால் அவர் கேட்கும்போதெல்லாம் சில்லென்று இருப்பதாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அது தொடங்கியது. ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கால் எரியுது."

"எந்தக் கால்?"

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "குதிகால்ல. நெருப்பை வச்ச மாதிரி."

டாக்டரம்மாவைக் கேட்டார்கள். சிலருக்கு அப்படி இருக்கும், எடுத்த கால் இருப்பது போலவே வலிக்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டும் விட்டு விட்டு வந்தது. மெத்தையில் எரிகிறது என்று ஒருவர் பல்லைக் கடிக்கும்போது பக்கத்திலிருப்பவள் என்னதான் செய்வாள்? அவள் ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போட்டாள். செய்யும்போதே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் அவர்.

தள்ளி வைத்தாள்.

"ஆங். அங்கதான்."

மெல்ல, கட்டிலை இறுக்கியிருந்த அவர் பிடி தளர்ந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. விரிப்பு நனையும், மாற்றுவாள். எத்தனையோ பேர் படுத்தெழுந்த விரிப்புகளை வெளுத்தவளுக்கு இது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ செருமினார்கள். தம்பி. அறுவை நடந்த நாளுக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இளைத்திருந்தான். உள்ளே வந்தவன், கட்டிலில் ஒன்றுமில்லாத இடத்தில் அக்கா ஈரத்துண்டை ஒற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"வாப்பா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "சூடு தெரியலன்னு சொன்னேன்ல, இப்ப நல்லாத் தெரியுது."

தம்பியின் தோள் குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தண்ணி மாத்திட்டு வாடா" என்றாள்.